தில்லிக் குளிரில் ஏ.சி. சூடு தராவிட்டால்: பழுது எது, இயல்பு எது?

மார்கழி பாதி கடந்த ஒரு விடிகாலை. தில்லியில் வெளியே நான்கு டிகிரி. ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ ஒரு வீட்டில் ஹாட் அண்ட் கோல்ட் ஏ.சி. ஹீட் மோடில் ஓடிக்கொண்டிருக்கிறது. முக்கால் மணி நேரம் நன்றாக வந்த சூடான காற்று சட்டென்று நிற்கிறது. பால்கனியில் ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் அவுட்டோர் யூனிட்டின் ஃபேன் நின்றிருக்கிறது, பின்பக்கத்திலிருந்து புகை மாதிரி ஏதோ எழுகிறது, அடியில் தண்ணீர் சொட்டுகிறது. பயந்துபோய் சுவிட்சை அணைத்துவிட்டு, விடிந்ததும் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். அவர் வந்து கேஸ் குறைந்திருக்கிறது என்கிறார்.

அந்தப் புகை நீராவி. அந்த நிமிடத்தில் இயந்திரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. பாதியில் அணைத்ததுதான் அதற்கு நேர்ந்த கெடுதல். இது ஏன் என்று புரிந்துவிட்டால் தில்லிக் குளிர்காலத்தில் ஏ.சி.க்காகச் செய்யும் செலவில் நல்ல பங்கு மிச்சமாகும்.

சூடு எங்கிருந்து வருகிறது

ரூம் ஹீட்டர் மின்சாரத்தை எரித்துச் சூடாக்குகிறது. 2000 வாட் இழுத்தால் 2000 வாட் சூடு, அதற்கு மேல் ஒரு வாட்கூடக் கிடைக்காது. ஹீட் மோடில் ஓடும் ஏ.சி. சூட்டை உண்டாக்குவதில்லை, வெளியிலிருந்து அள்ளி உள்ளே கொண்டுவந்து கொட்டுகிறது. ஹீட் பம்ப் என்ற பெயர் அதனால்தான். கிணற்று நீரை மேலே ஏற்றும் மோட்டார் தண்ணீரை உற்பத்தி செய்வதில்லையே, அதைப் போல.

நான்கு டிகிரிக் காற்றில் அள்ளுவதற்குச் சூடு ஏது என்று கேட்கலாம். வெப்பமே இல்லாத நிலை மைனஸ் 273 டிகிரி. அதிலிருந்து பார்த்தால் தில்லியின் நான்கு டிகிரி வெகு உயரத்தில் இருக்கிறது. இன்றைய வீட்டு ஏ.சி.களில் பரவலாக இருக்கும் ஆர்-32 கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். அவுட்டோர் காயிலுக்குள் (கேஸ் ஓடும் வளைகுழாய்த் தொகுதி) அழுத்தத்தைக் குறைத்து, வெளிக்காற்றைவிட ஐந்தாறு டிகிரி குளிர்ச்சியாக அதைக் கொதிக்க விட்டால் போதும், வெளிக்காற்றின் சூடு தானாகக் காயிலுக்குள் இறங்கும். கம்ப்ரெஸர் அந்த ஆவியை நசுக்கி 60, 70 டிகிரிக்கு ஏற்றி இண்டோர் காயிலுக்கு அனுப்புகிறது. அங்கே அது திரவமாகும்போது அள்ளிவந்த சூட்டை அறைக்குக் கொடுத்துவிடுகிறது.

வெளியே 7 டிகிரி இருக்கும்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்கு மேலும் சூடு தரும் இயந்திரங்கள் உண்டு. ஹீட் மோடின் திறனை அளக்க உலகம் முழுவதும் வைத்திருக்கும் அடிப்படைச் சோதனையும் இந்த 7 டிகிரியில்தான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் கிலோவாட் எண் அந்த நிலைக்கு உரியது. 2 டிகிரிக்கு இறங்கி உறைபனியும் சேர்ந்துகொண்டால் அதில் கால் பங்கு வரை குறைவது சாதாரணம். வீட்டுக்குச் சூடு அதிகம் வேண்டிய நேரத்தில் இயந்திரத்தின் கை சுருங்குகிறது. இது பழுது இல்லை, ஆனால் ஏ.சி. வாங்கும்போது கணக்கில் வைத்திருக்க வேண்டிய விஷயம்.

அடிப்படையான ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ரிமோட்டில் சூரியக் குறி இருப்பதால் மட்டும் ஏ.சி. சூடு தராது. கூலிங் மட்டும் உள்ள மாடல்களுக்கும் அதே ரிமோட்டைக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகையில் ஹீட்டிங் திறன் என்று தனியே ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இயந்திரத்தில் கோளாறு தேடுவது வீண்.

தில்லிக் குளிரின் குணம் அதன் ஈரம்

சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2021 புத்தாண்டு அன்று காலை பதிவானது 1.1 டிகிரி. அத்தனை தாழ்வு அபூர்வம். மூன்று முதல் ஏழு டிகிரி வரை, மூடுபனியோடு, பத்துப் பதினைந்து நாள் தொடர்வதுதான் இங்கே வழக்கம். உறைபனியைப் பொறுத்தவரை ஏ.சி.க்கு இந்த வெப்பநிலைதான் மோசமானது. வறண்ட மைனஸ் பத்தில்கூட காயிலில் இதைவிடக் குறைவாகத்தான் பனி பிடிக்கும் என்றால் நம்பக் கடினமாக இருக்கும்.

கணக்கு இதோ. மூடுபனி சூழ்ந்த 5 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஆறரை கிராம் நீராவி இருக்கும். மைனஸ் 10 டிகிரிக் காற்று எவ்வளவு முயன்றாலும் இரண்டு கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். ஒன்றரை டன் ஏ.சி.யின் அவுட்டோர் ஃபேன் மணிக்கு 2000 கன மீட்டர் அளவில் காற்றை இழுக்கிறது. வெளியே 5 டிகிரி என்றால் காயிலின் மேற்பரப்பு பூஜ்யத்துக்குக் கீழே. கடந்துபோகும் ஒவ்வொரு கன மீட்டரும் ஒரு கிராம் ஈரத்தை விட்டுச்சென்றாலே மணிக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் உறைபனியாக அந்த மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே அடைந்துகொள்கிறது. தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர்தான். அது அடைபட்டால் காற்று போகாது, காற்று போகாவிட்டால் காயில் இன்னும் குளிரும், இன்னும் வேகமாக உறையும்.

இதற்காக இயந்திரமே வைத்திருக்கும் வழிதான் டீஃப்ராஸ்ட். 40 முதல் 90 நிமிடத்துக்கு ஒருமுறை அது சுழற்சியைத் திருப்பி, சற்று நேரத்துக்குக் கூலிங் மோடுக்குப் போகிறது. கம்ப்ரெஸரின் சூடான கேஸ் இப்போது அவுட்டோர் காயிலுக்குப் பாய்ந்து பனியை உருக்குகிறது. உள்ளே குளிர்காற்று வீசக்கூடாதே என்று இண்டோர் ஃபேன் நிற்கும், உருக்கும் சூட்டை வெளிக்காற்று அடித்துச் செல்லக்கூடாதே என்று அவுட்டோர் ஃபேனும் நிற்கும். ‘புஸ்’ என்ற சத்தம் திசை மாற்றும் வால்வுடையது. மூன்று முதல் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து, இன்னும் இரண்டொரு நிமிடம் காயில் சூடேறிய பிறகு உள்ளே காற்று வரும். சில மாடல்களில் அந்த நேரம் விளக்கு மினுக்கும், சிலவற்றில் திரையில் இரண்டெழுத்துக் குறி வரும். அதை எரர் கோடு என்று நினைத்துவிடுகிறார்கள். கையேட்டில் டீஃப்ராஸ்ட் குறி எது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் அணைத்தால் என்ன ஆகும்? பஞ்சு மாதிரி இருந்த பனி பாதி உருகி, கீழே இறங்கி, அங்கே கண்ணாடிக் கட்டியாக உறைந்துவிடும். பஞ்சுப்பனியை உருக்க ஐந்து நிமிடம் போதும், கட்டியை உருக்கப் போதாது. இப்படி இரண்டு மூன்று தடவை நடந்தால் காயிலின் அடிப்பாகம் நிரந்தரமாக அடைபட்டு, இல்லாத பழுது உண்மையாகவே வந்துவிடும். ஆகவே காற்று நின்றால் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருங்கள்.

எந்தப் பனி இயல்பு, எது கோளாறு? காயில் முழுக்க வெள்ளையாக, மெல்லியதாக, சமமாகப் படிந்து, டீஃப்ராஸ்ட் முடிந்ததும் காணாமல் போனால் இயல்பு. டீஃப்ராஸ்ட்டுக்குப் பிறகும் தங்கினால், கண்ணாடி போல் தடிமனாக இருந்தால், ஃபேன் இறக்கையில் உரசும் அளவு வளர்ந்தால், அல்லது காயிலின் ஒரு மூலையில் மட்டும் படர்ந்து மற்றதெல்லாம் காய்ந்திருந்தால் கோளாறு. கட்டியைக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ கொத்தாதீர்கள். உள்ளே இருக்கும் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. மின்சாரத்தை எம்.சி.பி.யில் நிறுத்திவிட்டு, எலெக்ட்ரிக் பெட்டி இருக்கும் பக்கத்தை விட்டு, வெதுவெதுப்பான நீரைப் பின்பக்கக் காயிலின் மேல் மெதுவாக ஊற்றினால் போதும். கொதிநீர் வேண்டாம்.

மெக்கானிக்கைக் கூப்பிடுமுன்

முதலில் அவுட்டோர் யூனிட்டைப் பாருங்கள். புகார்களில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும். அக்டோபரில் கூலிங் நின்றதும் தூசிக்கும் புறாவுக்கும் பயந்து ரெக்சின் உறையோ பிளாஸ்டிக் தாளோ போட்டு மூடி, கயிறும் கட்டியிருப்பார்கள். டிசம்பரில் ரிமோட்டை அழுத்தும்போது அது நினைவுக்கு வராது. மூடிய நிலையில் ஓடினால் பத்து நிமிடத்தில் காயில் உறைந்து இயந்திரம் நின்றுவிடும். புறா வலையும் ஜாலியும் காயிலை ஒட்டி இருந்தால் அவற்றிலேயே பனி பிடிக்கும், ஒரு அடியாவது தள்ளிக் கட்டுங்கள்.

டி.டி.ஏ. எனப்படும் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் அடுக்ககங்களில் இன்னொரு சங்கடம் உண்டு. பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து அறையாக்கிவிடுகிறார்கள், அவுட்டோர் யூனிட் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. கோடையில் அந்த இடம் உலையாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். குளிர்காலத்தில் அதே இடம் ஃப்ரிட்ஜ் ஆகும். இயந்திரம் தான் குளிர்வித்து வெளியேற்றிய காற்றையே திரும்ப இழுக்கும். வெளியே எட்டு டிகிரி இருக்க, காயில் முன் இரண்டு டிகிரி. ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் அரைமணியில் தெரியும்.

தீபாவளி முடிந்த கையோடு அவுட்டோர் காயிலை ஒரு முறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவது நல்லது. தில்லியின் நவம்பர்ப் புழுதியும் கரியும் தகடுகளில் ஒட்டியிருந்தால் உறைபனி அதைப் பற்றிக்கொண்டு வேகமாக வளரும். தண்ணீரைத் தகடுகளின் வரிசைக்கு நேராகப் பாய்ச்சுங்கள். பிரஷர் வாஷர் தகடுகளை மடக்கிவிடும்.

அடுத்தது இண்டோர் ஃபில்டர். கூலிங்கில் ஃபில்டர் அடைத்தால் உள்காயிலில் ஐஸ் பிடிக்கும். ஹீட்டிங்கில் தலைகீழ்: சூடு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் எகிறும், பாதுகாப்புக்காகக் கம்ப்ரெஸர் வேகத்தைக் குறைக்கும் அல்லது நின்றுவிடும். ‘கொஞ்ச நேரம் நல்ல சூடு, பிறகு நின்று நின்று வருகிறது’ என்றால் முதல் சந்தேகம் ஃபில்டர்மேல்தான். தில்லிக்காற்றுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும்.

ஆன் செய்தவுடன் காற்று வராவிட்டால் பதற வேண்டாம். காயில் சூடேறும் வரை ஃபேனை நிறுத்தி வைப்பது இயந்திரத்தின் ஏற்பாடு. இரண்டு முதல் ஐந்து நிமிடம் ஆகும். அணைத்து உடனே போட்டால் கம்ப்ரெஸருக்கான மூன்று நிமிடத் தாமதமும் அதோடு சேரும்.

ஏ.சி.யின் எம்.சி.பி.யை அக்டோபரிலேயே அணைத்து வைத்திருந்தால், ஹீட் மோடு போடுவதற்குச் சில மணி நேரம் முன்பே மின்சாரம் கொடுத்துவிடுங்கள். குளிர்ந்து கிடக்கும் கம்ப்ரெஸருக்குள் கேஸ் திரவமாகி எண்ணெயோடு கலந்திருக்கும். மின்சாரம் இருந்தால் பல இன்வெர்ட்டர் மாடல்கள் கம்ப்ரெஸரைத் தாமாகவே லேசாகச் சூடேற்றி அந்தத் திரவத்தைத் துரத்திவிடும். அப்படிச் செய்யாமல் ஓட்டினால் நீர்த்த எண்ணெயில் பேரிங் தேயும்.

இத்தனையும் சரி என்றால் இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை எடுங்கள். ஏ.சி.யை ஹை ஃபேனில் கால் மணி ஓடவிட்டு, மேலே காற்று உள்ளே போகும் இடத்திலும் கீழே வெளிவரும் இடத்திலும் அளவெடுங்கள். உள்ளே போவது 18, வெளிவருவது 35 முதல் 42 வரை என்றால் இயந்திரம் ஆரோக்கியமாக இருக்கிறது, குறை அறையில் இருக்கிறது. வித்தியாசம் பத்து டிகிரிக்குக் கீழே என்றால் இயந்திரத்தில் தேட வேண்டும். டீஃப்ராஸ்ட் முடிந்த உடனே அளக்காதீர்கள், எண் ஏமாற்றும்.

வெயில் காலத்தில் நன்றாகக் குளிர்ந்தது, இப்போது சூடு மட்டும் வரவில்லை

இந்த ஒரு வாக்கியத்தை மெக்கானிக்கிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அதில் பாதிக் கண்டுபிடிப்பு இருக்கிறது. கூலிங்குக்கும் ஹீட்டிங்குக்கும் கம்ப்ரெஸர் ஒன்றுதான், கேஸ் ஒன்றுதான். ஹீட்டிங்குக்கென்று தனியாகச் சேர்ந்திருப்பவற்றில் முக்கியமானது நான்கு வழி வால்வு, அதாவது ரிவர்சிங் வால்வு. அதைத் திருப்புவது அதன்மேல் இருக்கும் சிறு மின்காந்தச் சுருள், அதையும் காயில் என்றுதான் சொல்வார்கள். நம்மூர் வீட்டு மாடல்களில் பெரும்பாலும் அந்தக் காயிலுக்கு ஹீட் மோடில்தான் மின்சாரம் போகும். காயில் எரிந்தாலோ, எலி ஒயரைக் கடித்தாலோ, போர்டில் ரிலே செத்தாலோ வால்வு கூலிங் நிலையிலேயே நின்றுவிடும். கோடை முழுக்க எந்தக் குறையும் தெரியாது.

இதை அறிய எளிய வழி, அவுட்டோருக்குப் போகும் இரண்டு செம்புக் குழாய்களில் தடித்ததைத் தொட்டுப் பார்ப்பது. ஹீட் மோடில் பத்து நிமிடம் ஓடிய பிறகு அது கை பொறுக்காத சூடாக இருக்க வேண்டும், சட்டென்று தொட்டு எடுங்கள். ஜில்லென்றிருந்தால் வால்வு திரும்பவில்லை. வெறும் வெதுவெதுப்பு என்றால் கேஸ் குறைவு, கம்ப்ரெஸர் பலவீனம், வால்வின் உட்கசிவு என்று மூன்று வாய்ப்பு.

இதற்கு மேல் கவரைக் கழற்ற வேண்டும், அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. இன்வெர்ட்டர் போர்டின் கெபாசிட்டர்களில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடங்களுக்கு 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். மெக்கானிக் என்ன பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். மின்சாரத்தை நிறுத்தி, வால்வு காயிலின் பிளக்கைக் கழற்றி ஓம் அளந்தால் ஓராயிரம், இரண்டாயிரம் ஓம் போல ஏதாவது காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. காயில் மட்டும் தனியாகக் கிடைக்கும், ஒரு ஸ்க்ரூதான், கேஸைத் தொட வேண்டியதில்லை. காயில் நன்றாக இருந்து, ஹீட் மோடில் 220 வோல்ட்டும் வந்து, வால்வு மட்டும் அசையவில்லை என்றால் உள்ளே சிக்கியிருக்கலாம். வால்வு உடம்பில் மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டினால் சில நேரம் விடுபடும்.

உட்கசிவைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. வால்வின் ஒரு பக்கம் ஒரே குழாய், அது கம்ப்ரெஸரிலிருந்து வருவது. மறுபக்கம் மூன்று. அவற்றில் நடுவிலிருப்பது எப்போதும் கம்ப்ரெஸருக்குத் திரும்பும் குழாய். ஹீட் மோடில் நடுக்குழாயும், அவுட்டோர் காயிலிலிருந்து வரும் குழாயும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். வால்வைக் கடந்ததும் நடுக்குழாய் மூன்று நான்கு டிகிரிக்கு மேல் சூடேறியிருந்தால், சூடான கேஸ் உள்ளுக்குள்ளேயே குறுக்கு வழியில் ஒழுகுகிறது. அப்போது வால்வையே மாற்ற வேண்டும். பற்றவைக்கும்போது வால்வு உடம்பில் ஈரத்துணி சுற்றியிருக்கிறாரா என்று கவனியுங்கள். உள்ளே பிளாஸ்டிக் நகர்வுத்துண்டு இருக்கிறது, சூடு தாங்காது. புது வால்வையே கெடுத்துவிட்டுப் போகும் வேலை நிறைய நடக்கிறது.

‘கேஸ் கம் ஹை’

கேஸ் குறைந்துவிட்டது என்று மெக்கானிக் இந்தியில் சொல்வது இது. ஆனால் கேஸ் பெட்ரோல் இல்லை, ஓடி ஓடித் தீர்வதற்கு. அது மூடிய வட்டத்தில் சுற்றுகிறது. குறைந்திருந்தால் ஒழுகியிருக்கிறது என்று பொருள். ஒழுகலை அடைக்காமல் கேஸ் மட்டும் போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது.

ஹீட் மோடில் ஒழுகல் புதிதாகத் தெரிய ஒரு காரணமும் உண்டு. கோடையில் தடித்த குழாயில் இருந்த அழுத்தம் 140, 150 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு). ஹீட் மோடில் அதே குழாய் கம்ப்ரெஸரின் வெளியேற்றப் பாதையாகிவிடுகிறது. இப்போது அங்கே 350 முதல் 450 வரை. கோடை அழுத்தத்தைத் தாங்கிய ஃப்ளேர் நட் (குழாயை இணைக்கும் நட்) இதில் கசியலாம். நல்லதொரு பக்கவிளைவு, சோப்பு நுரை வைத்துப் பார்த்தால் குமிழி சீக்கிரம் தெரியும். நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால் அதுவே கசிவின் அடையாளம்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. அவுட்டோர் யூனிட்டில் அழுத்தத்தை அளக்கும் கேஜ் மாட்டும் இடம் தடித்த குழாயின் வால்வில் இருக்கிறது. கோடையில் பார்த்துப் பழகிய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு ஹீட் மோடில் கேஜ் மாட்டினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. தாழ் அழுத்தக் கேஜ் உடையவும் கூடும். சரி, கூலிங்குக்கு மாற்றிப் பார்ப்போம் என்றால் 8 டிகிரிக் குளிரில் கூலிங் அழுத்தம் இயல்பாகவே தாழ்ந்துதான் இருக்கும். அதைப் பார்த்து ‘கம் ஹை’ என்று கேஸை ஏற்றினால், மே மாதத்தில் அதிகப்படியான கேஸோடு கம்ப்ரெஸர் திணறும்.

குளிர்காலத்தில் நம்பக்கூடிய முறை எடைதான். இருக்கும் கேஸை முழுக்க வெளியே எடுத்து, கசிவை அடைத்து, நைட்ரஜன் ஏற்றிச் சோதித்து, வாக்குவம் பம்பை அரைமணியாவது ஓட்டி உள்ளே எஞ்சும் அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே கொண்டுவந்து, பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் கிராம் அளவைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். குழாய் நீளம் கையேட்டில் சொன்னதைவிட அதிகமென்றால் மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கூடுதல் கணக்கு அதிலேயே இருக்கும். தராசு கொண்டுவராதவரிடம் ஜனவரியில் கேஸ் வேலை கொடுக்காதீர்கள். ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது. கேஸ் உள்ளிருக்கும்போது பற்றவைக்கும் வேலையை அனுமதிக்கவே கூடாது.

சென்சார் என்னும் சின்ன விஷயம்

டீஃப்ராஸ்ட் எப்போது தொடங்க வேண்டும், எப்போது முடிய வேண்டும் என்று சொல்வது அவுட்டோர் காயிலில் ஒரு சிறு செம்புக் குப்பிக்குள் செருகியிருக்கும் சென்சார். சர்வீஸின்போது கழன்று காற்றில் தொங்கினால், காயில் முழுக்க உறைந்திருந்தும் இயந்திரத்துக்குத் தெரியாது. அல்லது டீஃப்ராஸ்ட் தொடங்கி நேரக்கெடு முடியும் வரை ஓடும். பனி விடாமல் தங்குகிறது, கேஸும் ஃபேனும் சரி என்றால் அடுத்தது இதுதான்.

சோதிப்பது எளிது. பல மாடல்களில் இது 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை. 5, 20 கிலோ ஓம் வகைகளும் உண்டு, சர்வீஸ் கையேட்டைப் பார்க்க வேண்டும். 10 கிலோ ஓம் வகையைக் கழற்றி ஐஸ் மிதக்கும் நீரில் மூன்று நிமிடம் வைத்தால் 27 முதல் 33 கிலோ ஓமுக்குள் ஏற வேண்டும். ஏறாமல் நின்றாலோ, எண் குதித்தாலோ மாற்றிவிடலாம். விலை மிகக் குறைவு. போர்டு போய்விட்டது என்று பல ஆயிரம் கேட்பவரிடம், சென்சாரை அளந்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.

இயந்திரம் சரி, அறைதான் சூடாகவில்லை

பர்சாத்தியிலும் (மொட்டை மாடி அறை) மேல்மாடியிலும் குடியிருப்பவர்களின் புகார் இது. கணக்குப் போட்டால் காரணம் தெரியும். உள்ளே 20, வெளியே 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 சதுர மீட்டர் அறை, ஒரு வெளிச்சுவர், ஒரு ஜன்னல். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வழியாக 270 வாட், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் வழியாக 250, இடுக்குகளில் புகும் காற்றால் 220. ஆக நடுமாடி வீட்டில் 750 வாட்டுக்குள் முடிகிறது. அதே அறைக்கு மேல் மொட்டை மாடி இருந்தால், வெப்பக் காப்பு ஏதும் இல்லாத கான்கிரீட் தளம் தனியே 650, 700 வாட் இழக்கிறது. அதாவது இரண்டு மடங்கு. இதற்கு மேல், நாள் முழுக்கக் குளிர்ந்துபோன சுவரையும் தளத்தையும் சூடேற்ற முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். படுக்கப்போகும்போது போட்டுவிட்டு, சூடே வரவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள்.

இன்னொன்று, சூடான காற்று மேலே போகும். இண்டோர் யூனிட்டும் மேலேதான் இருக்கிறது, அதன் சென்சாரும் அங்கேதான். கூரையருகே 24 ஆனதும் வேலை முடிந்தது என்று அது ஓய்ந்துவிடும், கட்டிலில் 17 இருக்கும். காற்றின் திசையை மாற்றும் லூவரைச் செங்குத்தாகக் கீழ்நோக்கித் திருப்புங்கள், ஃபேன் வேகத்தை ஆட்டோவிலிருந்து மீடியத்துக்கு ஏற்றுங்கள், சீலிங் ஃபேனை ஒன்றாம் நம்பரில் சுற்றவிடுங்கள். ரிமோட்டிலேயே சென்சார் உள்ள மாடலானால் அந்த வசதியை ஆன் செய்து ரிமோட்டைத் தலையணை அருகே வையுங்கள். கூடவே 30 டிகிரி வைக்கும் பழக்கத்தையும் விடலாம். 23, 24 வைத்தால் கட்டிலருகே இருபதுக்குப் பக்கம் வரும். அதற்கு மேல் ஏற்ற ஏற்ற ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கும் சூடு குறையும்.

காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும் சூடு குறைகிறதென்றால், ஏ.சி. ஓடும்போது சாக்கெட்டில் வோல்ட்டேஜ் அளந்து பாருங்கள். ஊரெல்லாம் கீசர் போடும் நேரம் அது. வோல்ட்டேஜ் இறங்கினால் இன்வெர்ட்டர் கம்ப்ரெஸர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

நின்றுபோன இரவு

உண்மையாகவே பழுதாகி, மெக்கானிக் மறுநாள்தான் வருவார் என்றால் 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகச் செருகிய ஆயில் ஹீட்டர் போதும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். கதவடியில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்தால் இடுக்குக் காற்று பாதியாகும். அங்கீட்டி எனும் கரியடுப்பை மட்டும் எந்த நிலையிலும் மூடிய அறைக்குள் கொண்டுவராதீர்கள். கரி புகையாமல் கனிந்திருக்கும்போதும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு மணம் இல்லை, தூங்குபவரை எழுப்பாது. தில்லியில் ஒவ்வொரு குளிர்காலமும் இதனால் உயிர்கள் போகின்றன. வாட்ச்மேன் அறையிலும், வீட்டு வேலைக்கு வந்து தங்கியிருப்பவர் அறையிலும் கரி மூட்டியிருக்கிறார்களா என்று படுக்குமுன் ஒருமுறை பார்த்துவிட்டு, அவர்களுக்கு ஒரு ரஜாயோ (பஞ்சு மெத்தைப் போர்வை) சிறு ஹீட்டரோ கொடுத்துவிடுங்கள்.